ஆய்வுத் தேடல்: நூலகர் பதில்கள்

கேள்வி: கூகுள் ஸ்காலரில் 'பாபநாசம்' என்று தேடினால் தஞ்சாவூர்க் கட்டுரைகளாக வருகின்றன. என்ன செய்வது?
– முதுகலை மாணவி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: தஞ்சை மாவட்டத்திலும் ஒரு பாபநாசம் இருக்கிறதே அம்மா! அம்பாசமுத்திரம், முண்டந்துறை, தாமிரபரணி இவற்றில் ஒன்றையும் சேர்த்துத் தேடுங்கள். தஞ்சாவூருக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாலைந்து சொற்களைக் கழித்தால் வேண்டிய கட்டுரையும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: சாட்ஜிபிடி கொடுத்த கட்டுரைகளில் சில எங்குமே அகப்படவில்லை.
– ஆய்வு மாணவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: சாட்ஜிபிடியே புனைந்த, யாரும் எழுதாத கட்டுரை எங்கே அகப்படும்? கண்ணால் பார்க்காத எதையும் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: தாமிரபரணி மீன்களை ஆராய்கிறேன். பழைய கட்டுரைகள் கிடைக்கவில்லை. எனக்கு முன் யாரும் செய்யவில்லை என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவர், பாபநாசம்

பதில்: எழுதவே கூடாது தம்பி. உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதாலேயே அது இல்லை என்று ஆகிவிடாது. எழுதியவர் எந்தப் பெயரில் எழுதினாரோ அந்தப் பெயரில் தேட வேண்டும். தாமிரபரணியின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று உண்டு. 1954-ல் இ. ஜி. சைலஸ் அதை விவரித்தபோது பூன்டியஸ் பேரினத்தில் வைத்தார். 2012-ல் டாகின்சியா என்ற புதுப் பேரினம் வந்து, மீன் அதற்கு மாறியது. இன்றைய பெயரை மட்டும் தட்டினால் அரை நூற்றாண்டு உழைப்பு கண்ணில் படாது.

ஃபிஷ்பேஸ் தளத்தில் பழைய பெயர்களை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'OR' என்று போட்டு ஒரே தேடலாகத் தேடுங்கள். ஆற்றின் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்: தாமிரபரணி, தாம்ரபர்ணி, தாம்பிரபர்ணி. பழைய ஆவணங்களில் நம் திருநெல்வேலி மாவட்டம் டின்னவெல்லி. எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் கீழுள்ள 'சைட்டட் பை' இணைப்பை அழுத்துங்கள். அதற்குப் பின் எழுதியவர்கள் வருவார்கள். முன்பே எழுதியவர்கள் கட்டுரையின் கடைசிப் பக்கப் பட்டியலில் இருப்பார்கள். இவ்வளவும் செய்யாமல் 'யாரும் செய்யவில்லை' என்று எழுதுவது, ஆற்றில் இறங்கி வலை வீசியவர்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்வி: ஒரு கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– கல்லூரி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம். அரசுக் கல்லூரி என்றால், 2025-ல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இருக்கின்றன. உங்கள் நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்காலரில் 'ஆல் வெர்ஷன்ஸ்' அழுத்திப் பாருங்கள். பல நேரம் இலவசப் படி இருக்கும். அதுவும் இல்லையா, எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். கூச்சமே வேண்டாம். தம் கட்டுரையைக் கேட்டு ஒருவர் எழுதினால் பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ந்துதான் அனுப்புவார்கள்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேடுகளை எங்கே தேடுவது?
– ஆய்வு மாணவி, சேரன்மகாதேவி

பதில்: இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்கே உண்டு. இயல் இயலாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முன்னாய்வுகள் பற்றிய இயலை முதலில் இறக்குங்கள். எந்தத் தளம், எந்தச் சொல், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்டால் அந்த நோட்டுதான் பதில் சொல்லும்.