பாவித்த பிக்கப் வாகனம்: கேட்கும் விலைக்குத் தகுமா?

பலெர்மோவில் வாழும் எம்மவர் பலர் வீட்டுப்பணியிலும் உணவகப் பணியிலும் பல ஆண்டுகள் உழைத்த பின்னரே சொந்தத் தொழில் ஒன்றைத் தொடங்குகின்றனர். காய்கறிக் கடை, பலசரக்கு விநியோகம், விழாக்களுக்கான சமையல், வீடு மாற்றுவோருக்கான உதவி என எதுவாயினும் முதலிற் தேவைப்படுவது ஒரு பாரவாகனமே. புதிய வாகனத்தின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் பாவித்த பிக்கப் ஒன்றைத் தேடுகின்றனர். பத்தாண்டுச் சேமிப்பு ஒரே பிற்பகலில் கைமாறிவிடும். அப்பிற்பகலுக்கு முன்னர் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடம் கூறுகிறது.

விலை நியாயமானதா என ஆராயுமுன், அவ்வாகனம் உங்கள் தொழிலுக்கு ஏற்றதா என ஆராய வேண்டும். பல்லரோ, காப்போ சந்தைகளின் ஒடுங்கிய தெருக்களில் நான்கு கதவுகள் கொண்ட பெரிய பிக்கப் ஒன்றைத் திருப்புவதே பெரும்பாடு. அங்கு காய்கறி ஏற்றும் உள்ளூர் வியாபாரிகள் இன்றும் ‘லாப்பா’ எனத் தாம் அழைக்கும் மூன்று சக்கர ஆப்பே வண்டியையே விரும்புவதற்குக் காரணம் உண்டு. (1948இல் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட இவ்வண்டியின் உறவினரையே இந்தியத் தெருக்களிலும் காண்கிறோம், அந்நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை மகாராட்டிரத்தின் பாராமதியில் உள்ளது.) பியாஜியோ போர்ட்டர், பியட் ஸ்திராதா போன்ற சிறிய வாகனங்கள் நகருக்குள் வேலை செய்வோருக்குப் போதுமானவை. மிற்சுபிசி எல்200, டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை தோட்டத்துக்கும் மலைப்பாதைக்கும் உகந்தவை. தேவைப்படாத நான்கு சக்கர இயக்கத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்செலவாகும். அது பழுதடையும்போது அச்செலவு மீண்டும் வரும்.

அடுத்து, வாகனப் பத்திரத்தை வாங்கி ஆறுதலாக வாசியுங்கள். அதிலுள்ள குறியீடுகள் விற்பவரின் வாய்மொழியைவிட நம்பத்தக்கவை. ‘பி’ முதற்பதிவுத் திகதியையும் ‘ஈ’ சட்டக இலக்கத்தையும் குறிக்கும். இவ்விலக்கத்தை வாகனத்தின் சட்டகத்தில் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்துடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுதல் வேண்டும். ‘எப்.2’ சுமையோடு அனுமதிக்கப்படும் உச்ச எடை. அதிலிருந்து ‘ஜி’யில் உள்ள வாகன எடையைக் கழித்தால் ஏற்றத்தக்க சுமை ஏறத்தாழத் தெரியும். ‘வி.9’ யூரோ மாசுத்தரத்தைக் காட்டும். பலெர்மோவின் பழைய நகர்ப்பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயம் உள்ளமையால், பழைய தர டீசல் வாகனம் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் கடை அவ்வலயத்தினுள் இருப்பின், அத்தரத்துக்கு அனுமதி உண்டா என்பதை நகரசபையிடம் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.

‘ஜே’ என்னும் இடத்தில் ‘என்1’ என இருப்பின் அவ்வாகனம் ‘ஆவுத்தோகார்ரோ’, அதாவது பாரவாகனம். இதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தாலிய வீதிச்சட்டத்தின் 54ஆம் உறுப்புரைப்படி பாரவாகனம் பொருள்களையும், அப்பொருள்களோடு தொடர்புடைய பணியாளரையும் ஏற்றுவதற்கே உரியது. பின்னிருக்கை உண்டு என்பதற்காகப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் குடும்பத்தினரை மொந்தெல்லோக் கடற்கரைக்கும் அதில் ஏற்றிச் செல்லலாம் எனக் கருதலாகாது. “வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே வாகனம்” என்று விற்பவர் கூறினால், அச்சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் உள்ள தொகையையும் ஐயத்துடனேயே நோக்க வேண்டும். பாரவாகனங்களை விற்கும் வாகனத்தரிப்பிடங்கள் பல, விலையின் அருகே சிறிய எழுத்தில் ‘ஈவா எஸ்க்ளூசா’ என இடுகின்றன. பெறுமதிசேர் வரி அத்தொகையில் அடங்கவில்லை என்பது அதன் பொருள். 22 விழுக்காட்டு வரியைச் சேர்த்தால் 7,800 யூரோ 9,516 யூரோவாகும். வரி இலக்கம் கொண்டு தொழில் புரிவோர் அவ்வரியை மீட்க இயலலாம். ஏனையோர் முழுத்தொகையையும் செலுத்துவர். ஆகவே இரண்டு விளம்பரங்களை ஒப்பிடுமுன், இரண்டும் வரியுடனா வரியின்றியா எனக் காண்க.

விலையை மதிப்பிடுவதற்கு ஒரே வகை, ஒத்த ஆண்டு, ஒத்த ஓட்டம் கொண்ட ஐந்து அல்லது ஆறு வாகனங்களின் விளம்பரங்களைத் திரட்டுங்கள். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விலக்குங்கள். எஞ்சியவை காட்டுவது கேட்கும் விலையே, விற்ற விலையன்று. இரு மாதங்களாக விலைபோகாது நிற்கும் வாகனம் பேரம்பேச இடந்தரும்.

அறிவித்த ஓட்டத்தை அப்படியே ஏற்காதீர்கள். பாரவாகனம் முதற்பதிவிலிருந்து நான்காம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும் ‘ரெவிசியோனே’ எனும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அப்போது ஓடிய கிலோமீற்றரும் பதிவாகிறது. போக்குவரத்து அமைச்சின் ‘போர்த்தாலே தெல்லாவுத்தோமோபிலிஸ்தா’ இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, கடைசிப் பரிசோதனையில் பதிவான ஓட்டத்தைக் காணலாம். இரண்டாண்டுகளுக்கு முன் 1,80,000 எனப் பதிவான வாகனம் இன்று 1,40,000 எனக் காட்டினால், பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். தேய்ந்து வழுக்கும் மிதிகட்டையும் பளபளக்கும் ஸ்டியரிங் வளையமும் குறைந்த ஓட்டத்தோடு பொருந்துவதில்லை.

இனி வாகனத்தையே பார்ப்போம். பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் செல்லுங்கள். நீங்கள் வருமுன்னரே எஞ்சின் சூடாக்கப்பட்டிருந்தால், வேறொரு நாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுங்கள். குளிர்நிலையிற் தொடங்கத் தயங்கும் டீசல் எஞ்சினின் குறை அப்போதுதான் வெளிப்படும். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், நீங்காத வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிவதையும், கரும்புகை எரிபொருட் செலுத்தியின் கோளாறு போன்றவற்றையும் உணர்த்தும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருப்பின் அது நல்ல அறிகுறியன்று.

பிக்கப்பின் உண்மையான வயது அதன் அடிப்பாகத்தில் எழுதப்பட்டிருக்கும். பலெர்மோ கடலோர நகரம். அரெனெல்லாவிலோ ஸ்பெராக்காவல்லோவிலோ பல ஆண்டுகள் தெருவோரம் நின்ற வாகனத்தின் சட்டகத்தை உப்புக்காற்று மெல்ல அரித்திருக்கும். துரு வெளிப்பூச்சிலா சட்டகத்திலா என்பதே கேள்வி. ஒரு ஸ்குரூட்ரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டிய இரும்பு மந்தமாக ஒலித்தால் உள்ளே அரிப்பு உண்டு. அடியில் அண்மையிற் பூசிய கரிய தார்ப்பூச்சு எதையேனும் மறைக்கிறதா எனக் கேளுங்கள். பிரித்தானியாவில் நிசான் நவாரா வாகனங்கள் சிலவற்றின் சட்டகமே துருவால் முறிந்தமை செய்தியானது. கதவிலுள்ள துருவைச் சில நூறு யூரோவில் நீக்கலாம். சட்டகத்தின் துருவுக்குச் சிக்கனமான மருந்து இல்லை.

சுமைத்தட்டில் உள்ள கீறல்கள் குற்றமல்ல. உழைத்த வாகனத்தில் அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் தட்டு பள்ளமாக அமிழ்ந்திருந்தாலும், பின்புற வில்லுத்தகடுகள் சுமையின்றியே தட்டையாக இருந்தாலும், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டது என்பது தெளிவு. அவ்வாறாயின் பிரேக்கும் கிளச்சும் பின்னச்சும் அதே துன்பத்தை அனுபவித்திருக்கும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு, காப்புறுதி நடைமுறையில் உள்ளதை உறுதிசெய்த பின்னர், மொந்தே பெல்லெக்ரீனோ மலைப்பாதையைப் பரிந்துரைக்கிறோம். சாந்தா ரொசாலியா திருத்தலத்துக்குச் செல்லும் எம்மவருக்கு அது பழகிய வழியே. ஏறும்போது கிளச் வழுக்குகிறதா, எஞ்சின் வெப்பம் உயர்கிறதா எனவும், இறங்கும்போது பிரேக் ஒருபக்கம் இழுக்கிறதா எனவும் அறியலாம். தட்டையான தெருவில் அரைமணி நேரம் ஓட்டினாலும் இவை தெரியா.

எஞ்சினின் நேரப்பட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பியட்டின் 1.3 மல்தியெத் எஞ்சினில் பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி உள்ளது. எல்200 வாகனத்தின் பழைய 2.5 டீசல் எஞ்சினில் பட்டியே உள்ளது. அது அறுந்தால் எஞ்சினே சேதமுறும். சீட்டு இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கொண்டு கணக்கிடுங்கள்.

அக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. முதல் வாகனம் 6,500 யூரோ. ரயர்களுக்கு 400, நேரப்பட்டிக்கு 500, பிரேக்குக்கு 200, உரித்து மாற்றத்துக்கு 500 எனச் சேர்த்தால் 8,100. இரண்டாவது வாகனம் 7,400 யூரோ. இவ்வேலைகள் அனைத்தும் சீட்டுடன் முடிக்கப்பட்டுள்ளன. உரித்து மாற்றத்துடன் 7,900. விலை கூடியதாகத் தோன்றியதே 200 யூரோ மலிவானது. முதல் வாகனத்தையே விரும்பினால், திருத்த வேலைகளின் பட்டியலை விற்பவர் முன் வைத்துப் பேசுங்கள். பட்டியலின்றிக் குறைக்கச் சொல்வது வெறும் கெஞ்சலாகவே முடியும். சுயேச்சையான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து வாகனத்தை உயர்த்திப் பார்க்கச் செய்வது இச்செலவுகளில் மிகச் சிறியது. விற்பவர் அதற்கு இணங்காவிடில், அவ்வாகனத்தை விட்டுவிடுவதே நன்று.

பணம் கொடுக்குமுன் பி.ஆர்.ஏ. எனும் வாகனப் பதிவேட்டில் ‘விசூரா’ எடுங்கள். சில யூரோ கட்டணத்தில், வாகன இலக்கத்தைக் கொண்டு எவரும் இதைப் பெறலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வரி அல்லது தண்டப்பணக் கடனுக்காக ‘பெர்மோ அம்மினிஸ்திராதீவோ’ இடப்பட்டுள்ளதா என்பன அதில் இருக்கும். இத்தடையுள்ள வாகனத்தை வீதியில் ஓட்டலாகாது. விற்றாலும் தடை வாகனத்துடனேயே வரும். சந்தை விலையைவிட வெகுவாக மலிந்த வாகனங்களில் இதை முதலில் ஐயுறுங்கள்.

வணிகரிடம் நுகர்வோராக வாங்குவோருக்குச் சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. பாவித்த பொருளுக்கு அதை உடன்பாட்டின் மூலம் குறைக்கலாம், ஆனால் ஓராண்டுக்குக் கீழே இறக்க முடியாது. தொழிலுக்காக வரி இலக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் ஆகார். இவ்வுத்தரவாதம் அவருக்கு இல்லை. தனியாரிடம் வாங்கும்போது மறைந்த குறை வெளிப்பட்டால், கண்டறிந்த எட்டு நாள்களுக்குள் விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒப்பந்தத்தில் ‘விஸ்தோ எ பியாச்சூத்தோ’, அதாவது ‘பார்த்து ஏற்றுக்கொண்டேன்’ என எழுதப்பட்டிருப்பினும், தெரிந்தே வஞ்சகமாக மறைத்த குறைக்கு விற்றவர் பொறுப்பாவார்.

விற்பனைப் பத்திரத்தில் விற்பவரின் கையொப்பத்தை உறுதிப்படுத்துவதற்கு முகவரிடம்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. நகரசபை அலுவலகத்திலும் 16 யூரோ முத்திரையுடன் செய்யலாம். அந்நாளிலிருந்து 60 நாள்களுக்குள் உரித்து மாற்றத்தைப் பதிவுசெய்தல் வேண்டும். பாரவாகனத்துக்கான மாற்ற வரி சுமைக்கொள்ளளவைப் பொறுத்து அமைவதால், ‘எப்.2’, ‘ஜி’ எண்களைக் குறித்த தாளையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.