காடு கடந்த காய்ச்சல்

நுழையும்முன்

காட்டுயிர்களின் உடலில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் பல வாழ்கின்றன. காட்டின் எல்லை சுருங்கும்போது அவை மனிதரை வந்தடையும் வழியும் திறக்கிறது. போர்னியோத் தீவில் பரவிய குரங்கு மலேரியா இதற்குத் தக்க சான்றாகும்.

குரங்கும் கொசுவும்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணி. அதனைப் பரப்புவது பெண் அனாபிலிஸ் கொசு. இவ்வொட்டுண்ணியின் ஒருவகையான 'பிளாஸ்மோடியம் நோலெசி', தென்கிழக்காசியக் காடுகளின் நீண்டவால் குரங்குகளில் இயல்பாக வாழ்வது. அது மனிதர் உடலிலும் வளரும் என்பதை 1932இல் கொல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகியோர் சோதனையால் காட்டினர். எனினும், இயற்கையில் அவ்வாறு நிகழ்வது அரிது என்றே அறிவியலுலகம் நெடுங்காலம் கருதியது.

கண்ணை ஏமாற்றிய உருவம்

மலேசியாவின் சரவாக் மாநிலத்திலுள்ள காப்பிட் பகுதியில், 'பிளாஸ்மோடியம் மலேரியே' எனக் கணிக்கப்பட்ட காய்ச்சல் மிகுதியாகக் காணப்பட்டது. பல்பீர் சிங் குழுவினர் நோயாளிகளின் இரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினர். 208 பேரில் 120 பேரிடம் இருந்தது குரங்கு மலேரியாவே என 2004இல் அறிவித்தனர். நுண்ணோக்கியில் இவ்விரண்டும் ஒத்த தோற்றமுடையவை, செயலிலோ வேறானவை. முன்னது 72 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். நோலெசி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும். ஆதலால், நோயைப் பிரித்தறியத் தாமதித்தால் உயிருக்கே ஊறு நேரலாம்.

காட்டின் விளிம்பில்

மரத்திற்காகவும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டன. வாழிடம் இழந்த குரங்குகள் தோட்டங்களையும் ஊர்ப்புறங்களையும் நாடின. காட்டு நிழலில் வாழும் கொசுக்கள் அந்தி சாய்ந்தபின் வெளியிடங்களில் கடிப்பவை. எனவே, வீட்டினுள் கட்டும் கொசுவலை, தோட்டத்தில் உழைப்பவரைக் காக்கப் போதுவதில்லை.

மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா வகைகளின் உள்நாட்டுத் தொற்று மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கு மலேரியாவோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. நோயாளி நலம்பெற்றாலும் நோயின் ஊற்று காட்டிலேயே எஞ்சியிருக்கிறது. மருந்தும் மருத்துவமனையும் இன்றியமையாதவை. அவற்றோடு, காட்டை எங்கே, எவ்வளவு திருத்துவது என்னும் முடிவும் மக்கள் நலம் சார்ந்ததே என்பதை இக்காய்ச்சல் உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

காட்டின் விளிம்பில் புதிய தோட்டம் அமைக்குமுன் தொழிலாளர் நலனுக்காகச் செய்ய வேண்டியவை குறித்துக் கலந்துரையாடுக.