வீட்டு வைஃபைக்கும் பூட்டு வேண்டும்

மலாயாவில் மிக முன்னதாகவே மின்சாரம் கண்ட ஊர் நம்ம ரவாங். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் 1894-இல் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக இங்கே மின் உற்பத்திப் பொறியை வைத்தார்கள். இன்று இதே ஊரில் வைஃபை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கணும். ஆனால், அதைச் சரியாகப் பூட்டி வைத்த வீடுகள் எத்தனை?

"நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?" என்று பெரியவங்க கேட்பாங்க. விஷயம் திருட்டு மட்டும் இல்லை. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012-இல் 114ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு பதிவு எந்த இணைய இணைப்பிலிருந்து வெளியானதோ, அந்த இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று அது அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. பல வீடுகளில் அந்தப் பேர் அப்பாவுடையது. வரிசை வீடுகளில் வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை. ரோட்டில் நிற்கும் கார் வரைக்கும் போகும்.

இப்படி நடந்தும் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் ஒரு குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவரின் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் மாட்டிக்கொண்டது அவர்தான்.

இனி செய்ய வேண்டியவை:

1. ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று வைஃபையில் சேர. மற்றொன்று ரூட்டரின் அமைப்பை மாற்ற. பலர் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே போய், முதலில் அதை மாற்றுங்கள்.

2. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். டபிள்யூஇபி என்ற பழைய முறை சில நிமிடங்களில் உடையும்.

3. வைஃபை பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். டபிள்யூபிஏ2-இல் ஒரு போன் இணையும் அந்தச் சில நொடித் தகவலைப் பிடித்துக்கொண்டு போய், வேறு இடத்தில் உட்கார்ந்து கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். சாமி பேரும் 123-உம் சீக்கிரம் விழுந்துவிடும். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுங்கள்: முருங்கை, ரயில், தவில், பனிக்கட்டி மாதிரி. இதையே வைச்சிடாதீங்க!

4. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. அதனால் கோடிக்கணக்கில் முயற்சி தேவையில்லை. 11,000 முயற்சி போதும். 2011-இல் வெளியான குறை இது.

5. விருந்தினருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் தனி 'கெஸ்ட்' வைஃபை கொடுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், பாஸ்வேர்ட் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத்தான் பெரிய இணையத்தளங்களை முடக்கியது.

6. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத பேர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலைதான். இந்த ஞாயிறு சமய வகுப்பு முடிந்ததும் முதலில் உங்கள் வீட்டில் செய்யுங்கள். அப்புறம் பாட்டி வீட்டிலும், இணைய பில் யார் பேரில் வருதுன்னு கேட்டுட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து காட்டுங்கள்.