விமானம் ஏறுவதற்கு முன் ஒரு கூத்து இரவு

விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று என்றால் வீடே கடைத்தெருவாகிவிடும். புதுப் பெட்டி, எடை பார்க்கும் தராசு, ‘எங்க வீட்டுக்கு எப்ப சாப்பிட வர்றே’ என்ற போன்கள். இந்த அமளியில் போகிறவரும் வீட்டிலிருப்பவரும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசுவதில்லை. சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலையிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: ஓர் இரவைத் திறந்தவெளியில் பாட்டும் மேளமும் கேட்பதற்கும், சில வேளைகளைப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மற்ற வேலைகள் அதைச் சுற்றி நடக்கட்டும்.

முதலில் நாள்

கிளம்புவதற்கு முந்தின இரவு வேண்டவே வேண்டாம். தூக்கம் கெட்டால் பயணமும் கெடும். ஐந்தாறு நாள் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். சித்ரா பௌர்ணமி எப்போது என்று காலண்டரில் பார்த்துவிடுங்கள். அன்று 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனங்கள் நிறைந்திருப்பார்கள். பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். விமானம் அந்த நாளையொட்டி இருந்தால் ஒருநாள் முன்பே சென்னைக்குப் போய்விடுவது நல்லது. மற்ற நாளிலும் செஞ்சி, திண்டிவனம் வழியாக விமான நிலையம் போய்ச் சேர நான்கைந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும்.

எங்கே கேட்பது

கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரரும் இருக்கிற குடும்பம் என்றால் அண்ணாமலையார் கோயிலுக்குப் போங்கள். சித்திரையில் பத்து நாள் வசந்த உற்சவம் நடக்கும். இரவில் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, சுவாமி தல விருட்சமான மகிழ மரத்தை வலம் வருவார். கடைசி நாள் மன்மத தகனம். பகல் வெயிலில் காய்ந்த கருங்கல் தளம் இருட்டிய பிறகும் சூடு விடாது. உட்கார ஒரு விரிப்பு கொண்டுபோங்கள்.

இரவு முழுக்கக் கண் விழிக்க முடிந்தவர்கள் தெருக்கூத்துக்குப் போக வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன். போகிற நாட்டில் நாதஸ்வரம்கூட ஒரு கல்யாணத்தில் காதில் விழலாம். விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து விழாது. நம் மாவட்டம் கூத்தின் தாய்வீடு. கூத்தில் பெயர் பெற்ற கண்ணப்பத் தம்பிரானின் ஊர் செய்யாறு பக்கத்துப் புரிசைதான். கோடையில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற கிராமங்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி என்று நாள்கணக்கில் போகும். எந்த இரவு எந்தக் கூத்து என்று நோட்டீசில் அச்சடித்திருப்பார்கள். டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

பயணம் வைத்திருக்கும் வீட்டில், கர்ணன் சாகிற கர்ண மோட்சக் கூத்தைப் பார்க்கப் பெரியவர்கள் தயங்கலாம். அவர்கள் மனசுக்கு மதிப்புக் கொடுத்து, திரௌபதியை மாலையிடும் வில்வளைப்பையோ சுபத்திரை கல்யாணத்தையோ தேர்ந்தெடுங்கள்.

பாய், போர்வை, தண்ணீர், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே பாயை விரிக்காதீர்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். ஒரு வேஷம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்கு அடியில் சலங்கை கட்டிய கால்கள் மட்டும் தெரியும். மேலே கிரீடத்தின் நுனி ஆடும். உள்ளிருந்து பாட்டு எழும்பும். கட்டியங்காரன் ‘யார் நீர்’ என்று கேட்டுக் கேட்டு ஆவலைக் கூட்டி, கடைசியில் திரை விலகும்போது சிறுசுகள் எழுந்து உட்கார்ந்துவிடும்.

கூத்தை முழுக்க போனில் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் ஆயா கதையை விளக்கிச் சொல்கிற குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். போகிறவர் பெயரில் கூத்தாடிகளுக்கு அன்பளிப்புக் கொடுங்கள். மைக்கில் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள்.

சாப்பாடு

கூத்துக்குப் போகும் இரவு வயிற்றைக் கனக்க வைக்காதீர்கள். புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும் கட்டிக்கொண்டு போனால் கெடாது. விடிந்து வீடு திரும்பியதும் மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பிறகு தூக்கம்.

பத்து வீட்டு விருந்து உடம்புக்கும் ஆகாது, நேரத்துக்கும் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஒரே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அத்தை ஒரு குழம்பு, சித்தி ஒரு பொரியல் என்று ஆளுக்கொன்று கொண்டுவரட்டும். பிரியாணி எந்த நாட்டிலும் கிடைக்கும். அன்றைக்கு இலையில் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கட்டும். சைவ வீடு என்றால் ஜவ்வாது மலைச் சாமைச் சோறும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும்.

களியைப் போகிறவரே கிண்ட வேண்டும். அரிசி நொய் நன்றாக வெந்து குழைந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறு தீயில் கொஞ்ச நேரம் விட வேண்டும். மாவு வெந்த வாசனை வந்த பிறகுதான் துடுப்பைப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் பச்சை மாவு நிற்கும். அம்மா பக்கத்தில் நின்று பதம் சொல்லட்டும். அங்கே போன பிறகு வீடியோ காலில் இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

கிளம்பும் நாளில் ரசம், தயிர்ச்சோறு போதும்.

பெட்டியில் போகும் சாப்பாடு

வீட்டு மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். வழக்கு, சிறை வரை போகும். அந்த நாடுகளுக்குப் போகிறவருக்குக் கசகசா இல்லாமல் தனியாக அரைத்துக் கொடுங்கள். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்று நிறுத்திவிடுவார்கள். ஊறுகாயை இரண்டு உறைகளில் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கொண்டுபோகும் உணவை எல்லாம் இறங்கும்போது படிவத்தில் எழுதிவிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

பயணத் தேதியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போதே கூத்துக்குப் போகும் தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நாளை வேறொரு வேலை பிடித்துக்கொள்ளும்.