எக்ஸெலில் சராசரியும் இடைநிலையும்

மருத்துவ ஆய்வுக் கணக்கைத் தொடங்க எக்ஸெல் போதும். எங்கள் நாரணாபுரம் பட்டாசுத் தொழிலாளர் ஐவரின் இருமல் நாட்கள் என வைத்து நான் பழகிய கற்பனை எண்கள் இவை: 2, 3, 3, 4, 38.

இவற்றை ஏ1 முதல் ஏ5 வரை டைப் செய்யுங்கள். பி1 செல்லில் கிளிக் செய்து, பார்முலா பார் அருகிலுள்ள எப்எக்ஸ் பட்டனை அழுத்தி, ஆவரேஜ் தேர்ந்தெடுங்கள். ஐந்து செல்களையும் மவுஸால் இழுத்துக் காட்டி ஓகே கொடுத்தால் 10 வரும். பி2வில் இதே முறையில் மீடியன் எடுத்தால் 3 தான்!

38 என்ற ஒரே எண் சராசரியை உயர்த்திவிட்டது. அதற்காக அதை அழித்துவிடாதீர்கள். டைப்பிங் பிழையா என்று பாருங்கள். உண்மையான எண் என்றால், இரண்டு வாரத்திற்கு மேல் இருமும் அவருக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. சராசரி, இடைநிலை இரண்டையும் எழுதுங்கள். அந்த 38ஐத் தனியாகவும் குறிப்பிடுங்கள்.