பிங்கா, டிரேஸ்ரூட்டா, எம்டிஆரா? தோட்டத்து வீட்டிலிருந்து டிஎன்42-ஐச் சோதிக்க

நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனையாகி நாளாயிற்று. சுவா பெத்தோங், பிராட்வெல், லாபு, பகாவ் பக்கத்து கெடிஸ் என்று பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இந்தத் தோட்டங்களிலிருந்து கணினி வலையமைப்பு படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. பாடப்புத்தகத்தில் ரவுட்டிங் இருக்கிறது. கைவைத்துப் பழகத்தான் இடமில்லை. உண்மையான இணையத்தின் ரவுட்டிங்கைத் தொட்டுப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். டிஎன்42 விடும்.

உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சொந்தக் கணினிகளை விபிஎன் சுரங்கங்களால் இணைத்து நடத்தும் சோதனை வலையமைப்பு அது. இணையத்தை இயக்கும் அதே பிஜிபி நெறிமுறைதான் அங்கும். முகவரிகள் மட்டும் 172.20.0.0/14 என்ற தனியார் தொகுதியிலிருந்து வருகின்றன. தப்பு செய்தால் வங்கியும் விமான நிலையமும் நிற்காது. மலேசியாவிலும் வலையமைப்பு இப்படிப் பரிசோதனையாகத்தான் ஆரம்பித்தது: 1987-இல் மிமோஸ் நிறுவனம் பல்கலைக்கழகக் கணினிகளை ராங்கோம் என்ற பெயரில் இணைத்துப் பார்த்தது. ஜாரிங் இணையச் சேவை வந்தது 1992-இல்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே கேள்வி வரும். சுரங்கத்தால் இணைந்த கூட்டாளியின் கணினி பதில் சொல்லவில்லை, கோளாறு எங்கே? கையில் பல கருவிகள் இருக்கும். எதை முதலில் எடுப்பது?

பிங்கிலிருந்து தொடங்குவதே முறை. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் அது. தோட்டத்துக் காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிட, ஆள் குரல் கொடுப்பதுபோலத்தான் அதன் வேலை: இருக்கிறாயா, எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறாய்? அதற்கு மேல் பிங்கிடம் எதிர்பார்க்கக் கூடாது. பதில் வராததால் கணினி செத்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. வேண்டுமென்றே பிங்குக்குப் பதில் சொல்லாத கணினிகள் ஏராளம்.

நேரத்தைப் படிக்கத் தெரிந்தால் அந்த ஒற்றை எண்ணே நிறையச் சொல்லும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. ஓடுகிறது. சிரம்பானிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 300 கி.மீ. என்று வைத்தால், போய்வர 3 மில்லிநொடிக்குக் குறையவே முடியாது. ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,000 கி.மீ.; அங்கே 100 மில்லிநொடி அடிமட்டக் கணக்கு. சிங்கப்பூர்க் கூட்டாளிக்கு 15 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 180 வந்தால் பாக்கெட் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்த் திரும்புகிறதா என்று சந்தேகப்படலாம். அங்கேதான் டிரேஸ்ரூட் தேவைப்படுகிறது.

வான் ஜேக்கப்சன் 1980களின் இறுதியில் எழுதிய டிரேஸ்ரூட், பாக்கெட்டின் ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டிக்கொண்டே அனுப்பும். ஆயுள் எந்த ரவுட்டரில் தீர்கிறதோ அது தன் முகவரியோடு புகார் அனுப்பும்; வழி தாவல் தாவலாகத் தெரிந்துவிடும். லினக்ஸில் இது வழக்கமாக யுடிபி பாக்கெட்டையும், விண்டோஸில் ஐசிஎம்பி பாக்கெட்டையும் அனுப்புகிறது. அதனால் ஒரே வீட்டின் இரண்டு மடிக்கணினிகள் இரண்டு விதமாகக் காட்டினால் ஆச்சரியமில்லை. சிறப்பு அனுமதி இல்லாத கணினியில் டிரேஸ்பாத் போதும். அது வழியோடு, எவ்வளவு பெரிய பாக்கெட் போகும் என்பதையும் சொல்லிவிடும்.

டிஎன்42-இல் புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சுரங்கத்துக்குள் டிரேஸ்ரூட் ஓட்டினால் சிங்கப்பூர் ஒரே தாவலில் வந்துவிடும். அந்த ஒரு தாவலுக்கு அடியில் வீட்டு மோடம், கோபுரம், நிறுவனத்தின் ரவுட்டர்கள் எல்லாம் மறைந்திருக்கின்றன. ஆகவே இரண்டு சோதனை வேண்டும்: ஒன்று கூட்டாளியின் பொது முகவரிக்கு, மற்றது அவருடைய டிஎன்42 முகவரிக்கு. வெளிவழியே கெட்டிருந்தால் பிஜிபி அமைப்பை நோண்டி இரவைக் கழிக்க வேண்டியதில்லை.

செம்பனைக்கு நடுவே 4ஜி மோடத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு எம்டிஆர்தான் ஏற்றது. மேட் கிம்பல் 1997-இல் எழுதிய இது, பிங்கையும் டிரேஸ்ரூட்டையும் சேர்த்து ஓயாமல் ஓட்டுகிறது. விட்டு விட்டு வரும் கோளாறு ஒற்றை டிரேஸ்ரூட்டில் சிக்காது. 100 பாக்கெட்டுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். எல்லாரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் ஒன்றும் விடியற்காலையில் ஒன்றுமாக எடுத்து ஒப்பிட வேண்டும். நடுவில் ஒரு ரவுட்டர் 60 விழுக்காடு இழப்பைக் காட்டி, கடைசி வரி சுத்தமாக இருந்தால் கவலை வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்வதைத்தான் குறைத்துக்கொள்கிறது, பாக்கெட்டைக் கடத்திவிடுகிறது. முதல் தாவலிலிருந்து கடைசி வரை இழப்பு தொடர்ந்தால் கோளாறு வீட்டுப் பக்கம்தான்.

மோடத்தின் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் முதலில் கதவைத் தட்ட முடியாது. தொடர்பை வீட்டுப் பக்கம்தான் தொடங்க வேண்டும். சுரங்கம் அமைக்கும் வயர்கார்டு மென்பொருளில் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்க்குறி அனுப்பும் அமைப்பை வைத்தால் வழி மூடாது.

இன்னொரு கோளாறு டிரேஸ்ரூட்டுக்கும் எம்டிஆருக்கும் எளிதில் பிடிபடாது: பிங் போகும், எஸ்எஸ்எச் பாதியில் உறையும். அது பாக்கெட் அளவுச் சிக்கல். யூனிஃபை ஃபைபரின் பிபிபிஓஇ இணைப்பில் உச்சம் 1492 பைட். வயர்கார்டு வழக்கமாக 1420 வைக்கும். பிங்கையே துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1392 பைட் தரவு வைத்துச் சுரங்கத்துக்குள் அனுப்பலாம். தலைப்பின் 28 பைட் சேர்ந்து 1420 ஆகும். சின்னது போய் இது போகவில்லை என்றால் சுரங்கத்தின் அளவை 1280-க்கு இறக்குவதே சுருக்கு வழி.

போன வழியே பதில் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் பிஜிபியில் கிடையாது. டிஎன்42-இல் திரும்பாததே சகஜம். டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டும் காட்டும். திரும்பும் வழிக்கு, பல உறுப்பினர்கள் திறந்து வைத்திருக்கும் லுக்கிங் கிளாஸ் பக்கங்களிலிருந்து வீட்டு முகவரியை நோக்கிச் சோதிக்கலாம். லினக்ஸின் ஆர்பி ஃபில்டர் கடுமையான நிலையில் இருந்தால், வேறு வழியாக வரும் பதிலைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். கூட்டாளியைக் குறைசொல்லுமுன் அதை அணைத்துப் பார்ப்பது நல்லது.

வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கடைசியில் வரட்டும். நொடிக்கு 20 மெகாபிட் வீதம் ஒரு நிமிடம் ஓடினால் 150 மெகாபைட் டேட்டா போய்விடும். பிரீபெய்டு அட்டைக்கு அது கட்டுப்படியாகாது. மற்றவர் சர்வரில் கேட்காமல் ஓட்டுவதும் மரியாதையில்லை. லைன் அடிக்கடி அறுந்தால் மினிநெட் போன்ற மென்பொருளால் பத்து ரவுட்டரை ஒரே மடிக்கணினிக்குள் கட்டிப் பழகலாம்.

கூட்டாளியிடம் உதவி கேட்கும்போது இரு திசை எம்டிஆர் அறிக்கையும், உள், வெளி முகவரிகளும், எடுத்த நேரமும் சேர்ந்து போக வேண்டும். மலேசிய நேரம் யுடிசியை விட 8 மணி முன்னே இருப்பதால், இரவு 9 மணிக்கு எடுத்ததை 13:00 யுடிசி என்று எழுதினால் அவர் தன் பதிவேட்டில் அதே நிமிடத்தைத் தேடிப் பார்ப்பார்.