சர்டிஃபிகேட்டுக்கு ஒரு வேலை

கேள்வி: என் மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒரு கம்பெனியின் புது ஆப்பை 'பீட்டா டெஸ்ட்' செய்கிறானாம். ராத்திரி பதினோரு மணி வரை போனும் கையுமாகவே இருக்கிறான். சம்பளம் கிடையாது, கடைசியில் சர்டிஃபிகேட் தருவார்களாம். வேலையை வாங்கிக்கொண்டு காசு தராமல் விடுவது நியாயமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சோதிப்பவரிடமே காசு வாங்கிய காலமும் உண்டு! 1995இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95இன் முன்னோட்டப் பதிப்பை விலைக்குத்தான் கொடுத்தது. 2000 செப்டம்பரில் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் டென் பீட்டாவை 29.95 டாலருக்கு விற்றது. முழுப் பதிப்பு வந்தபோது அந்தக் காசைக் கழித்துக்கொண்டது என்பது வேறு விஷயம்.

உங்கள் மகனுக்கு வருவோம். ஆப்பைத் தன் போக்கில் பயன்படுத்திவிட்டு, தப்பு தட்டுப்பட்டால் சொல்கிறான் என்றால் கூலி கேட்பதற்கில்லை. ஊருக்கு முன்னால் ருசி பார்க்கிற ஆசை அது. ஆனால் 'இன்றைக்கு லாகின் பக்கம், நாளைக்கு பேமென்ட் பக்கம், வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஷீட்டை நிரப்பு' என்று வருகிறதா? அதற்குப் பெயர் டெஸ்டிங். சென்னையிலும் கோவையிலும் அதற்கென்றே ஆள் வைத்து மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதே வேலையை ஒரு காகிதத்துக்கு வாங்குவது ஏய்ப்புதான். பதினோரு மணி என்கிறீர்கள். இரண்டாவது வகையோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

காசு கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. தப்புக்கு இவ்வளவு என்று ரேட் போட்டால், பட்டன் நூலிழை நகர்ந்ததைக்கூடப் பத்து 'பக்' ஆக்கி அனுப்ப ஆள் வருவார்கள். சொன்னதை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் பெரிய கேள்வி. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய கோப்புகளை அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. சம்பளமில்லாமல் சோதித்தவர்களில் சிலர் முன்கூட்டியே அதைச் சொல்லியிருந்தார்கள். குவியலோடு குவியலாகக் கிடந்திருக்கிறது.

நானும் ஒரு குறிப்பேட்டு ஆப்பைச் சோதித்துக் கொடுத்தேன். 'கொடி' என்று தேடினால் இல்லை என்று சொல்லும். குறிப்பிலோ கண்ணெதிரே 'கொடி' இருக்கும். ஒரு கீபோர்டு 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேமிக்கிறது, இன்னொன்று இரண்டையும் ஒரே குறியாக. நம் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இரண்டு கீபோர்டிலும் அடித்துப் பார்த்து, படமெடுத்து அனுப்புவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பதிலே வரவில்லை. காசு வராததைவிட அதுதான் உறுத்தியது.

பதில் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. டொனால்ட் கனூத் என்ற கணினி அறிஞர், தன் புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்தவர்களுக்கு 2008 வரை 2.56 டாலருக்குச் செக் அனுப்பிவந்தார். பலர் அதை மாற்றவே இல்லை, ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார்கள்.

மகனை இந்த வாரமே ஒரு மெயில் போடச் சொல்லுங்கள்: அவன் சொன்ன தப்புகளில் எவை சரியாயின, இனிமேல் மணிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று. இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் ஆப்பைத் தூக்கிவிடலாம். அதுவரைக்கும் பேங்க் ஆப் இருக்கிற போனில் அந்தப் பீட்டா வேண்டாம். பழைய போன் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலும் கிடக்குமே, அதில் போட்டுக்கொள்ளட்டும்.